மலைத் தோட்டத்துக்கு சோலார் மோட்டார் போடலாமா? முதலில் ஒரு வருட நோட்டு எழுதுங்கள்

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு போகிற ரோட்டுக்குக் கீழே, சரிவில், எனக்கு மூன்றரை ஏக்கர் இருக்கிறது. இரண்டேகால் ஏக்கர் காபியும் மிளகும், முக்கால் ஏக்கர் சௌசௌ பந்தல், அரை ஏக்கர் பீன்ஸ். ஓடை அடியில் ஓடுகிறது, தொட்டி மேட்டில் இருக்கிறது. 2023 மாசியில் ஓடைக்கரையில் 3 எச்.பி. சோலார் மோட்டார் இறக்கினேன். மன்னவனூரில் இருக்கும் என் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் போட வேண்டும் என்று நின்றபோது, "உங்களுக்கு வேண்டாம்ண்ணே, காசு வீண்" என்று சொன்னவளும் நான்தான். எனக்கு ஆகும், அவருக்கு ஆகாது என்பது இரண்டும் ஒரே கணக்கில் வந்த விடை. அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

சோலார் விற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஏக்கர்? எத்தனை எச்.பி.?" என்றுதான். நீங்கள் உங்களிடமே முதலில் கேட்க வேண்டியது வேறு. எந்த மாதத்தில் எனக்குத் தண்ணீர் வேண்டும், அந்த மாதத்தில் என் சரிவில் வெயில் விழுகிறதா? மலையில் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் மற்றதெல்லாம்.

அதற்கும் முன்னால், இப்போது தண்ணீருக்கு என்ன செலவழிக்கிறீர்கள் என்று பாருங்கள். இலவச விவசாய மின் இணைப்பு ஏற்கெனவே இருந்து, கரண்டும் ஓரளவு ஒழுங்காக வந்தால், பம்புக்கு சோலார் போட்டு நீங்கள் மிச்சப்படுத்த எதுவும் இல்லை. அண்ணன் கதை அதுதான். அவருக்கு இ.பி. லைன் இருக்கிறது. அதோடு தோட்டத்துக்கு மேலே ஒரு ஊற்று. ஒன்றேகால் அங்குல ஹோஸ் பைப்பை ஊற்றில் போட்டால் தண்ணீர் தானாக இறங்கி கேரட் பாத்திக்கு வந்துவிடுகிறது. மேலிருந்து தண்ணீர் இறங்கும் தோட்டத்துக்கு எந்த மோட்டாரும் வேண்டாம். ஊற்றடியில் நல்ல வடிகட்டித் தொட்டி கட்டுங்கள், பைப்பை மண்ணில் புதையுங்கள், அது போதும். இதைச் சொல்ல எந்தக் கம்பெனிக்காரரும் வரமாட்டார்.

எனக்கு இரண்டும் இல்லை. மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். கடைசிக் கம்பம் ரோட்டோடு நின்றுவிட்டது. அதுவரை டீசல் இன்ஜின். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 110 நாள் இறைப்பேன், நாளுக்கு இரண்டு லிட்டர். லிட்டர் 90 ரூபாயை ஒட்டி வைத்தால் வருடத்துக்கு இருபதாயிரம். ஆயில், பெல்ட், மெக்கானிக் கூலி என்று இன்னொரு நாலாயிரம். கேனைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கி ஏறிய என் முழங்காலுக்கு நான் விலை போடவில்லை, ஆனால் முடிவெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது நோட்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மாதத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்தில் தண்ணீர் எத்தனை நாள் பாய்ச்சினீர்கள், தொட்டி எத்தனை முறை நிரம்பியது. அடுத்த பக்கத்தில் வெயில்: பேனல் வைக்க நினைக்கும் இடத்தில் காலை எத்தனை மணிக்கு வெயில் விழுந்தது, எத்தனை மணிக்கு மூடுபனி ஏறியது. தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் எழுதினால் போதும்.

என் நோட்டில் வந்தது இது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வெயிலும் இல்லை, தண்ணீரும் தேவையில்லை. தை பிறந்ததும் வானம் திறந்துவிடும். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் காலை எட்டரையிலிருந்து மதியம் இரண்டு வரை தடையில்லாத வெயில். சௌசௌவுக்கும் பீன்ஸுக்கும் தாகம் எடுப்பது சரியாக அந்த மூன்று மாதம். சித்திரையில் பாதி நாள் கோடை மழை. ஆனி, ஆடியில் காற்றும் மேகமும், வெயில் விட்டுவிட்டு வரும், ஆனால் மண் ஈரம் போகாது. என் தேவையும் சூரியனும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. அந்தப் பக்கங்களைப் பார்த்தபோதுதான் மனசு முடிவுக்கு வந்தது.

காபிக்கு மட்டும் என்றால் நான் போட்டிருக்க மாட்டேன். காபிக்கு இறைத்துக் கொடுக்கும் தண்ணீர் பூ மலர்கிற சமயத்தில் ஒன்றிரண்டு முறைதான். அந்த நாலைந்து நாளைக்கு இன்ஜினை வாடகைக்கு எடுத்தாலே ஆயிற்று. வெறும் காபித் தோட்டக்காரர் வருடத்தில் 350 நாள் சும்மா கிடக்கும் மோட்டாருக்குக் கடன் கட்ட வேண்டியதில்லை. நீலகிரியில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நோட்டு வேறு மாதிரி வரும். அங்கே தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் எங்களைப்போல ஐப்பசி மழையை நம்பும் ஊர்கள். ஆகவே பக்கத்து மலைக்காரர் கணக்கைக் கடன் வாங்காதீர்கள்.

வெயில் பார்க்கிற விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இடம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் வருவார்கள். அப்போது சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கும், மர நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும், எல்லா இடமும் நல்ல இடமாகத் தெரியும். மார்கழியில் வந்து பாருங்கள். டிசம்பர் 21 வாக்கில் நம் பக்கம் உச்சிப்பொழுதிலும் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து, அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கே இருக்கும் சில்வர் ஓக் மரத்தின் நிழல் நீண்டு வந்து பேனல்மேல் விழும். நான் ஒரு மூங்கில் கழியை நட்டு, மார்கழியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மணிக்கு ஒருமுறை நிழலைக் குறித்தேன். முதலில் நினைத்திருந்த இடத்தில் பதினொன்றரை வரை ஓக் நிழல் தெரிந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

நிழல் பேனலின் ஒரு ஓரத்தில்தானே விழுகிறது என்று விடக் கூடாது. பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாலைபோல் கோத்திருக்கும். ஒன்றில் விழும் நிழல் அந்த மாலை முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். நிழல் மரத்துக்கு அடியில்தான் காபி நன்றாக வரும், பேனலுக்கோ நிழலே ஆகாது. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. நான் கடைசியில் தேர்ந்தது ஒன்றும் விளையாத ஒரு பாறைத் திட்டு. மரம் ஒன்றும் வெட்டவில்லை, இரண்டு கிளை மட்டும் கழித்தேன்.

திசையைப் பொறுத்தவரை எல்லோரும் தெற்கு என்பார்கள், சரிதான். ஆனால் எங்கள் மலையில் காலை தெளிவு, மதியத்துக்குமேல் மேகம் ஏறும். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தை எல்லோருக்கும் தெரியும். 1870களின் பெரும்பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய வேண்டும் என்ற பேச்சில் கருவாகி, 1899-ல் அந்த மலைமேல் தொடங்கியது. அங்கேயும் சூரியனைக் கவனிக்க நல்ல நேரம் காலைதான். நானும் பேனலை நேர்தெற்காக வைக்காமல் கொஞ்சம் கிழக்கே திருப்பி வைக்கச் சொன்னேன். மூடுபனி வருவதற்குள் தொட்டி நிரம்பிவிடுகிறது. சாய்வு 15 டிகிரி. நம் அட்சரேகைக்குப் பத்து போதும், ஆனால் பாசி பிடிக்கும் ஊர் இது. கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருந்தால் மழையே கழுவிவிடும்.

குளிரில் சோலார் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. சூடு ஏறினால் அதன் திறன் குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை. கோடையில் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் பேனல் 60, 65 டிகிரிக்குச் சூடேறி எட்டில் ஒரு பங்கை இழந்து நிற்கும்போது, அதே வெளிச்சத்தில் நம் பேனல் கூடுதலாகக் கொடுக்கும். ஆனால் பூம்பாறை, மன்னவனூர், ஊட்டி போல உறைபனி விழும் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். குளிர ஆரம்பித்தால் பேனலின் வோல்டேஜ் ஏறும். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள வோல்டேஜ் 25 டிகிரிக்கானது. பூஜ்ஜியத்தை ஒட்டிய காலையில் அது ஏழெட்டு சதவீதம் கூடும். 49 வோல்ட் பேனல் பத்தை வரிசையாகக் கோத்தால் 490. தை மாதக் காலையில் அது 525-ஐத் தொடும். பேனல் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டியான கன்ட்ரோலர் 500 வோல்ட்தான் தாங்கும் என்றால் முதல் பனிக்காலத்திலேயே கதை முடிந்தது. "உறைபனிக் குளிருக்குக் கணக்குப் போட்டீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். ஏப்ரல் நடுவில் உங்கள் ஓடையில் என்ன ஓடுகிறது? 15 லிட்டர் வாளியை வைத்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். எனக்கு 40 விநாடி. அதாவது மணிக்கு 1,350 லிட்டர். மோட்டார் அதைவிட வேகமாக உறிஞ்சிவிடும். அதனால் ஓடைக்கரையில் ஒரு தேக்கத் தொட்டி கட்டினேன், ராத்திரி முழுதும் தானாக நிரம்பும். 24 மணி நேரத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் வரும், என் தேவை 15,000. ஓடை பங்குனியிலேயே வற்றிவிடும் என்றால் இத்தோடு நிறுத்திவிடுங்கள், பேனல் தண்ணீரை உண்டாக்காது.

உயரத்தை அளக்க ஒரு எளிய வழி. மேல் தொட்டியிலிருந்து ஓடைவரை ஹோஸ் விட்டு, நிறையத் தண்ணீர் நிரப்பி, கீழ் முனையை அடைத்து ஒரு பிரஷர் மீட்டரை மாட்டுங்கள். ஒரு கிலோ காட்டினால் பத்து மீட்டர் உயரம். எனக்கு ஐந்தரை காட்டியது, 55 மீட்டர். பைப்பில் உரசிப் போவதற்கு ஐந்து சேர்த்து 60. செல்போன் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள், பத்து இருபது மீட்டர் தவறும்.

இனி கணக்கு. ஆயிரம் லிட்டரை ஒரு மீட்டர் தூக்க 2.7 வாட்-மணி வேண்டும். ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். 15 ஆயிரம் லிட்டர், 60 மீட்டர்: ஏறக்குறைய இரண்டரை யூனிட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதிக்கு மேல் விரயமாக்கும், அதனால் ஆறு யூனிட் என்று வையுங்கள். 3 எச்.பி.க்கு 3 கிலோவாட் பேனல் தருகிறார்கள். நல்ல வெயில் நாளில் கிலோவாட்டுக்கு நான்கு யூனிட் என்றால் பன்னிரண்டு. தேவையைப்போல இரண்டு மடங்கு. பாதி நாள் மேகம் மூடினாலும் தொட்டி நிரம்பும். இந்த இரண்டு மடங்கு இடைவெளி மலையில் கட்டாயம் வேண்டும். காரணம், வெயில் மங்கினால் மோட்டார் சுற்றும், தண்ணீர் பைப்பில் பாதி உயரம் ஏறி நின்றுவிடும், மேலே ஒரு சொட்டும் வராது. சமவெளியில் பத்து மீட்டர் தூக்குபவருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது.

பேட்டரி வேண்டாம். மேட்டில் இருக்கும் தொட்டிதான் உங்கள் பேட்டரி. கரண்டைச் சேமிக்கும் காசில் இன்னொரு தொட்டி கட்டுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். விவசாயிகளின் சோலார் பம்புக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் 2019-ல் வந்தது. தமிழ்நாட்டில் தனி சோலார் பம்பு செட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறைதான் விண்ணப்பம் வாங்குகிறது. நான் போட்டபோது மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம், மீதி 40 நம் பங்கு. சில பிரிவினருக்குக் கூடுதல் மானியமும் தருகிறார்கள், அலுவலகத்தில் கேளுங்கள். நாமும் மலைதானே, மலை மாநிலங்களுக்கான 50 சதவீத மத்திய மானியம் கிடைக்காதா என்று நான் கேட்டேன். அது இமாச்சல், உத்தராகண்ட், வடகிழக்கு மாநிலங்கள் போன்றவற்றுக்கு. தமிழ்நாட்டு மலைக்கு இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பாறையில் குழி தோண்டுவதும் சரிவில் சுமப்பதும் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

மொத்தம் 2,70,000. என் பங்கு 1,08,000. அடித்தளம், கூடுதல் பைப், சுமைகூலி என்று என் கையிலிருந்து இன்னொரு 22,000. ஆக 1,30,000. வருடம் 24,000 மிச்சம் என்றால் ஐந்தரை வருடத்தில் போட்ட பணம் திரும்பும். மானியம் இல்லாமல் என்றால் பன்னிரண்டு வருடம், அப்படியானால் நான் போட்டிருக்க மாட்டேன். பேனலுக்கு 25 வருடம் என்கிறார்கள். மோட்டாரும் கன்ட்ரோலரும் அவ்வளவு நாள் வராது. திட்டத்தில் ஐந்து வருடப் பராமரிப்பு உண்டு. அதற்குப் பிறகு ஒரு கன்ட்ரோலர் வாங்கும் காசை இப்போதே தனியாக ஒதுக்குங்கள்.

சுமைகூலியை யாரும் முன்னால் சொல்வதில்லை. 540 வாட் பேனல் ஒன்று இரண்டேகால் மீட்டர் நீளம், 28 கிலோ. குதிரையில் கட்டினால் ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கமும் இடிக்கும். இரண்டு ஆள் பலகைபோலப் பிடித்து இறக்கினார்கள். பாதை மோசமென்றால் சிறிய பேனல் கிடைக்குமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகளின் சம்மதம் வாங்கவே ஒரு மாதம் ஆகும். இலவச மின் இணைப்புக்குப் பதிந்தவர்கள், சோலார் வாங்கினால் காத்திருப்போர் வரிசையில் தங்கள் மூதுரிமை என்னாகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு நடந்த ஒரு நஷ்டத்தைச் சொல்ல வேண்டும். 2024 சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை இடி. மறுநாள் காலை கன்ட்ரோலர் கருகிக் கிடந்தது. மாட்டிக் கொடுத்தவர்கள் இடிதாங்கிக்கும் பேனல் சட்டத்துக்கும் கன்ட்ரோலருக்கும் சேர்த்து ஒரே எர்த் கம்பியைப் பாறைப் பொடியில் இறக்கியிருந்தார்கள். பாறை மின்னலை உள்ளே வாங்காது. புதிது வந்து சேர 19 நாள். பழைய டீசல் இன்ஜினை விற்காமல் வைத்திருந்ததால் பந்தல் பிழைத்தது. நீங்களும் முதல் இரண்டு கோடைக்குப் பழைய இன்ஜினை விற்காதீர்கள். இப்போது மூன்றுக்கும் தனித்தனி எர்த், ஓடைப்பக்கத்து ஈர மண்ணில் இரண்டரை மீட்டர் ஆழத்தில். கம்பி கூடுதலாகச் செலவானது, ஆனால் அதைக் கட்டாயம் கேளுங்கள். பேனலின் கீழ் விளிம்பு ஆள் உயரத்துக்கு இருக்கட்டும். காட்டுமாடு முதுகு சொறிய அந்தச் சட்டத்தைத்தான் தேடி வரும்.

வீட்டுக் கூரைக்கு? எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் தாண்டியதில்லை. 100 யூனிட் இலவசம் போக இருநூறு ரூபாயை ஒட்டித்தான் கட்டுகிறோம். அதற்கு சோலார் தேவையே இல்லை. ரிசார்ட், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் கணக்கு வேறு.

காபிக்காரர்களுக்குப் பேனலைவிட உலர்த்தி நல்லது. கார்த்திகை, மார்கழியில் பழம் பறித்துக் களத்தில் போட்டால் மழை வந்து கெடுக்கிறது. பாலிதீன் கூரை போட்ட சூரியக் கூடார உலர்த்திக்குக் கரண்ட் அதிகம் வேண்டாம், அதே பொறியியல் துறையில் மானியமும் உண்டு. மிளகுக்கும் ஆகும்.

சோலார் வேலியும் அப்படித்தான். பன்றிக்காக அரை ஏக்கர் பீன்ஸைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். மின்னல் வெட்டுப்போல விநாடிக்கு ஒருமுறை அடித்து விடும் கருவி, ஒரு சின்ன பேனல், ஒரு பேட்டரி. இங்கேயும் மாதக் கணக்கைப் பாருங்கள். பன்றி வருவது மழை மாதத்தில், வெயிலே இல்லாத வாரத்தில். அதனால் கடைக்காரர் சொன்ன பேனலைவிட இரண்டு மடங்கு வாங்கினேன். இ.பி. லைனிலிருந்து நேராக வேலிக்குக் கரண்ட் கொடுப்பது கொலைக்குச் சமம். மனுசரும் யானையும் செத்திருக்கிறார்கள், சிறைக்கும் போவீர்கள். மின்வேலிக்கு 2023-ல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் வனத்துறையிடம் அனுமதி வாங்கிவிட்டே கம்பி இழுக்க வேண்டும்.

எல்லாம் பார்த்து, போடுவதென்று முடிவானால், மாட்டி முடித்த அன்றே கையெழுத்துக் கேட்பார்கள். ஓடையடியில் தண்ணீர் கொப்பளிப்பதைக் காட்டி முடித்துவிடப் பார்ப்பார்கள். நீங்கள் மேட்டுக்கு ஏறுங்கள். தொட்டி வாயில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸை வைத்து, காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, உச்சிப்பொழுதில் ஒருமுறை, எத்தனை நிமிடத்தில் நிறைகிறது என்று அளந்து, இரண்டு எண்ணையும் அந்தக் காகிதத்திலேயே எழுத வைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.